பணம் கொடுத்தது நீங்கள், இணையதளம் யாருடையது?

"எல்லாம் ரிஜிஸ்டர் பண்ணியாச்சு" என்று சிறு வணிகர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். எதைப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டால், ஒருவர் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்வார். இன்னொருவர் சிறு, குறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றிதழை எடுத்துக் காட்டுவார். மூன்றாமவர் டாட் காம் முகவரி வாங்கிய ரசீதைக் கைப்பேசியில் தேடத் தொடங்குவார். மூன்றுமே பயனுள்ளவைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் கடையின் பெயரை அவருடைய சொத்தாக ஆக்குவதில்லை. தளத்தை வடிவமைத்தவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டதால் தளம் தன்னுடையதே என்ற நம்பிக்கையும் இதே வகையைச் சேர்ந்தது. இந்தியச் சட்டத்தின்படி பெரும்பாலும் அது பாதிதான் உண்மை.

இக்குழப்பத்துக்குக் காரணம், இணையதளம் என்பதை ஒரே பொருளாக நாம் நினைப்பதே. சட்டத்தின் கண்ணில் அது பல உரிமைகளின் மூட்டை. ஒவ்வோர் உரிமைக்கும் தனிச் சட்டமும், தனிப் பதிவும், சில வேளைகளில் தனி உரிமையாளரும் உண்டு.

## கடைத்தெருவிலிருந்து தொடங்குவோம்

பொள்ளாச்சியில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கடை இருக்கும் கட்டடம் வாடகைக்கு எடுத்தது. கதவு எண்ணை நகராட்சி தந்தது. வாசலில் பலகை, பலகையில் பெயர். உள்ளே ஆசாரி செய்து கொடுத்த அலமாரி. பூட்டுக்கு இரண்டு சாவி. வாடகை ஒப்பந்தம் இருப்பதால் பலகையிலுள்ள பெயரும் தனக்கே என்று அவர் நினைக்க மாட்டார். கதவு எண் கிடைத்ததால் அலமாரிக்கு உரிமை வந்துவிட்டதென்றும் சொல்ல மாட்டார்.

அவருடைய இணையதளத்திலும் இவை அத்தனையும் இருக்கின்றன. தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் கணினி இடமான ஹோஸ்டிங், வாடகைக் கட்டடம். வாடிக்கையாளர் தட்டச்சு செய்து வந்து சேரும் முகவரியான டொமைன், கதவு எண். கடைப்பெயரும் லோகோவும் பலகை. படங்களும் எழுத்தும் நிரலும் அலமாரி. கடவுச்சொல், சாவி.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. ஆசாரிக்குக் கூலி கொடுத்ததும் அலமாரி நம்முடையதாகிவிடும். நிரல் எழுதியவருக்குக் கூலி கொடுத்தால் நிரல் நம்முடையதாகிவிடுவதில்லை. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

## கதவு எண்: டொமைன்

டொமைனை "வாங்கினேன்" என்கிறோம். உண்மையில் அதை ஆண்டுக்கணக்கில் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். இந்தியாவுக்கான டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்கள் வழியாக நாம் பதிவு செய்கிறோம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பதிவுதாரர். ஓடிபி யாருடைய கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போகிறதோ, நடைமுறையில் அவரே முதலாளி.

சிறு கடைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தளம் செய்து தரும் பையன் வேலை சுலபமாக முடியட்டும் என்று தன் ஜிமெயிலிலேயே கணக்கைத் திறப்பான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து அவன் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பான். புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்புகள் அவன் பார்க்காத பெட்டியில் குவிந்துகிடக்கும். கெடு முடிந்த சில வாரங்களில் முகவரி பொதுச்சந்தைக்குத் திரும்பிவிடும். அதன்பின் முதலில் கேட்பவருக்கே அது போகும். இதற்குத் தீர்வு வழக்கு அல்ல, ஐந்து நிமிட வேலை: கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். வடிவமைப்பாளருக்குத் தேவையான அனுமதியைத் தனியே கொடுக்கலாம்.

வடிவமைப்பாளரே பிணக்கில் சாவியைப் பிடித்துவைத்துக்கொண்டால்? அனுமதி பெற்ற ஒருவரைக் கணினி அமைப்புக்குள் நுழையவிடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்குரிய செயல். நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் கணக்கே அவர் பெயரில் இருந்தால், அனுமதி பெற்றவர் யார் என்ற கேள்வியிலேயே வாதம் திக்கும்.

## பலகை: பெயரும் டிரேட்மார்க்கும்

ஒரு வணிகரின் பொருளை மற்றவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், எழுத்து அல்லது படமே டிரேட்மார்க். அரசு ஆவணங்களில் இதை வணிகச் சின்னம் என்பார்கள். இதற்கான சட்டம் டிரேட்மார்க்ஸ் சட்டம் 1999. விண்ணப்பத்தைக் கிண்டியிலுள்ள சென்னைக் கிளை அலுவலகத்திலோ இணையத்திலோ தாக்கல் செய்யலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உத்யம் சான்றிதழ் இங்கே உதவுகிறது: பங்குதாரர் நிறுவனமாக இருந்தால், சிறு நிறுவனம் என்று காட்டிக் குறைந்த கட்டணத்தைப் பெறலாம். அந்தச் சான்றிதழின் பெரிய பயன் வேறு. பொருளோ சேவையோ பெற்றவர் 45 நாட்களுக்குமேல் பணத்தை இழுத்தடித்தால் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி வட்டியுடன் கேட்க அது வழி செய்கிறது. பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"வகுப்பு" என்றேன். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பதிவு எந்த வகுப்பில் இருக்கிறதோ, அந்தப் பொருளுக்கே பாதுகாப்பு. நம் செக்குக்கடையைப் பாருங்கள். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு. அதே தேங்காய் எண்ணெயைக் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கவென்று விற்றால் 3ஆம் வகுப்பு. செக்கில் மிஞ்சும் புண்ணாக்கை மாட்டுத் தீவனமாக விற்றால் 31. ஒரே செக்கு, மூன்று வகுப்புகள், 13,500 ரூபாய். எல்லாவற்றையும் முதல் நாளே பதிவு செய்ய வேண்டியதில்லை. எதில் வருமானம் வருகிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.

வகுப்பு ஒன்றாக இருந்தாலே எல்லாம் முடிந்துவிட்டதென்றும் இல்லை. கர்நாடகக் கூட்டுறவுப் பால் நிறுவனம் 1985 முதல் "நந்தினி" என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. பெங்களூரில் "நந்தினி டீலக்ஸ்" உணவகம் 1989இல் தொடங்கியது. உணவகத்தின் பதிவைப் பால் நிறுவனம் எதிர்த்த வழக்கில், பொருட்களும் சின்னங்களின் தோற்றமும் வேறுபட்டவை, குழப்பத்துக்கு இடமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்து, உணவகத்துக்கும் பதிவை அனுமதித்தது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சாதாரண வாடிக்கையாளர் குழம்புவாரா?

விண்ணப்பித்ததும் பதிவு கிடைத்துவிடாது. அலுவலகம் ஆராய்ந்து, ஏற்றால் டிரேட்மார்க் இதழில் வெளியிடும். நான்கு மாதங்களுக்குள் யாரும் எதிர்க்கலாம். பதிவானபின் உரிமை 10 ஆண்டுகளுக்கு. பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். "டிஎம்" என்ற குறியை யாரும் இன்றே போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் பதிவு கைக்கு வந்தபின்பே போட வேண்டும், அதற்கு முன் போடுவது சட்டவிரோதம். "சுத்தமான செக்கு எண்ணெய்" போன்று பொருளை வருணிக்க மட்டுமே செய்யும் பெயர்கள் பொதுவாக மறுக்கப்படும். எல்லாச் செக்குக்காரர்களுக்கும் தேவையான சொற்களை ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுக்க முடியாதல்லவா.

## பதிவு இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லையா?

பதிவு இல்லையென்றால் பாதுகாப்பே கிடையாது என்பது தவறு. பதிவு செய்யாத பெயரானாலும், அதற்கு வாடிக்கையாளரிடையே நற்பெயர் இருந்து, வேறொருவர் அதைப் போல் காட்டித் தன் சரக்கை விற்றால், "பாசிங் ஆஃப்" என்ற வழக்கைத் தொடரலாம். தன் பொருளை இன்னொருவருடைய பொருளாகத் தோன்றும்படி விற்பதே பாசிங் ஆஃப். டிரேட்மார்க்ஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவு இந்த உரிமையை வெளிப்படையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயர் உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பும் தன்னிடம் பதிவு இருப்பதாகக் காட்டியது. பெயரை முதலில் தொடர்ந்து பயன்படுத்தியவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு பெற்றவரின் உரிமையைவிட மேலானது என்று 2015இல் நீதிமன்றம் சொன்னது. பதிவு ஓர் உரிமையை ஒப்புக்கொள்கிறது. வணிகத்தில் நீண்டகாலம் புழங்கிய பெயரின் உரிமையை அது அழித்துவிடுவதில்லை.

டொமைனும் பலகையும் சந்திக்கும் இடம் இன்னொரு வழக்கில் தெளிவாயிற்று. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் பெயரிலுள்ள சில எழுத்துகளைக் கோத்து "சிஃபி" என்ற சொல்லை உருவாக்கி, 1999இல் அதை வைத்து டொமைன்களைப் பதிவு செய்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் வேறொரு நிறுவனம் கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள "சிஃபிநெட்" டொமைன்களைப் பெற்றது. கதவு எண் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கலாமே என்பது எதிர்த்தரப்பின் நிலை என்று சுருக்கிச் சொல்லலாம். 2004இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: டொமைன் வெறும் முகவரி அல்ல, வணிகரை அடையாளம் காட்டும் பெயராகவும் செயல்படுகிறது, எனவே பாசிங் ஆஃப் விதிகள் அதற்கும் பொருந்தும்.

ஆகவே இதுவரை: டொமைனைப் பதிவு செய்வது முகவரியைத் தருகிறது, பெயருரிமையைத் தருவதில்லை. டிரேட்மார்க் பதிவு குறிப்பிட்ட பொருளுக்குப் பெயருரிமையைத் தருகிறது. பதிவில்லாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு; ஆனால் நற்பெயரை ரசீது, விளம்பரம், பழைய பில் புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். பழைய பில் புத்தகங்களை எடைக்குப் போடும் வழக்கமுள்ளவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

## அலமாரி: பதிப்புரிமை

படைத்தவருக்குத் தன் படைப்பின் மீதுள்ள உரிமை பதிப்புரிமை. காப்பிரைட் என்று நாம் சொல்வது இதுதான். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி எழுத்து, ஓவியம், புகைப்படம், காணொளி ஆகியவற்றோடு கணினி நிரலும் இதில் அடங்கும். இதற்குப் பதிவு கட்டாயம் அல்ல. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. கருத்துக்கு உரிமை இல்லை, அது எடுத்துக்கொண்ட வடிவத்துக்கே உரிமை. மரச்செக்கு எண்ணெயின் நன்மைகளை யாரும் எழுதலாம். நீங்கள் எழுதிய பத்தியை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது.

அப்படியானால் உரிமை யாருக்குப் பிறக்கிறது? 17ஆம் பிரிவின் பொதுவிதி, படைத்தவருக்கே என்கிறது. மாதச் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்ததென்றால் முதலாளிக்கு. ஆனால் இணையதளம் செய்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் ஊழியர் அல்லர். வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்பவர்கள். அவர்கள் எழுதிய நிரலும், வரைந்த லோகோவும், வேறு எழுத்தொப்பந்தம் இல்லாவிட்டால், அவர்களுடையவை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நீங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் நீங்களே என்று அதே 17ஆம் பிரிவு சொல்கிறது. திரைப்படம் என்ற சட்டச்சொல்லில் அடங்கும் காணொளிக்கும் அப்படியே. ஆக, ஒரே நாளில் ஒரே மேசையில் ஒரே பணக்கட்டிலிருந்து கூலி கொடுத்தாலும், எண்ணெய்ப் பாட்டிலைப் படம் பிடித்தவரின் வேலை உங்களுடையதாகிறது. அந்தப் படத்தை வைத்துத் தளம் கட்டியவரின் நிரல் அவருடையதாகவே இருக்கிறது. நியாயமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சட்டம் ஸ்டுடியோக்களின் காலத்தில் எழுதப்பட்டது.

நடைமுறையில் என்ன ஆகும்? தளத்தைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உண்டென்று வாதிடலாம். பணம் வாங்கியவர் அதை மறுப்பது கடினம். ஆனால் வேறொருவரைக் கொண்டு நிரலை மாற்றும்போதும், கடையைத் தளத்தோடு விற்கும்போதும், அதே வடிவத்தில் போட்டிக் கடைக்கு ஒரு தளம் தயாராகும்போதும், உரிமை உங்களிடம் இல்லாதது உறைக்கும்.

தீர்வு 19ஆம் பிரிவில் இருக்கிறது. பதிப்புரிமையை எழுத்தில், கொடுப்பவரின் கையொப்பத்துடன், இன்னொருவருக்கு மாற்றித் தரலாம்; இதுவே உரிமை மாற்றம். வாய்ச்சொல் செல்லாது. இதிலும் ஒரு பொறி உண்டு: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே கணக்கிட்டுக்கொள்ளும். "காப்பிரைட் முழுவதும் வாடிக்கையாளருக்கே" என்று ஒற்றை வரியில் எழுதித் திருப்தியடைந்தவர்கள், ஐந்தாண்டுகளில் காலாவதியாகும் உரிமையைத்தான் வாங்கியிருக்கிறார்கள். பின்வருமாறு எழுதலாம்: "இத்தளத்துக்காக நான் உருவாக்கிய நிரல், வடிவமைப்பு, லோகோ ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதையும், அது நிலவும் முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், இன்ன தொகையைப் பெற்றுக்கொண்டு, இன்னாருக்கு மாற்றித் தருகிறேன், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இவ்வுரிமை திரும்பாது." தளம் செய்து நாலு வருடம் ஆகியிருந்தாலும் இன்று கேட்டு வாங்கலாம். வடிவமைப்பாளர் பொதுவாகப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மென்பொருள் இதில் அடங்காது. அது அவருடையதும் அல்ல.

இவ்வுரிமை எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை மறக்கலாகாது. கூகுளில் தேடி எடுத்த தென்னந்தோப்புப் படத்துக்கும் எங்கோ ஓர் உரிமையாளர் இருக்கிறார்.

## வாடிக்கையாளருக்கு நீங்கள் தர வேண்டியது

சொந்தத் தளத்தில் சரக்கு விற்பவர், நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள் 2020இன் கீழ் வருகிறார். சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலரின் பெயர், பொருளைத் திருப்பும் விதிமுறை, கட்டணங்களோடு சேர்ந்த மொத்த விலை ஆகியவை தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் வேடத்தில் தானே பாராட்டு எழுதிக்கொள்ளக்கூடாது.

இதைக் கடமை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. திருப்பும் விதிமுறை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், மூடி திறந்து பாதி பயன்படுத்திய பாட்டிலைத் திருப்பி அனுப்புபவரிடம் காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும். ஆனால் அதை நீங்களே எழுத வேண்டும். தமிழ்நாட்டுச் சிறு கடையொன்றின் தளத்தில் "எல்லாத் தகராறும் டெல்லி நீதிமன்றங்களுக்கே உட்பட்டவை" என்றிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தளத்திலிருந்து நகலெடுத்தாரோ, அந்தத் தளத்தின் ஊர் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

## யாராவது எடுத்துவிட்டால்

எந்த உரிமை மீறப்பட்டது என்பதைப் பொறுத்தே எந்தக் கதவைத் தட்டுவது என்பது அமையும். மேலே பிரித்துப் பார்த்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது.

படத்தையோ எழுத்தையோ நகலெடுத்திருந்தால், அதைத் தற்காலிகமாகத் தேக்கி வைத்து வழங்கும் இணையச் சேவைக்குப் பதிப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி எழுத்து மூலம் புகார் தரலாம். புகாரில் நியாயம் இருப்பதாகக் கருதினால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். பெரிய தளங்கள் தங்களுக்கென்று புகார்ப் படிவங்களும் வைத்துள்ளன.

உங்கள் பெயரைப் போன்ற டாட் இன் முகவரியை ஒருவர் கெட்ட எண்ணத்துடன் எடுத்திருந்தால், நிக்ஸியின் தகராறுத் தீர்வு முறையில் நடுவர் முன் வழக்காடலாம். வென்றால் முகவரி உங்களுக்கு மாற்றப்படும் அல்லது ரத்தாகும். இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும். உங்கள் கடையைப் போல் போலித் தளம் நடத்தி மக்களிடம் பணம் பிடுங்குகிறார்கள் என்றால் அது குற்றம். 1930 என்ற எண்ணிலும் தேசிய இணையக்குற்றப் புகார்த் தளத்திலும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் நகர்ந்துகொண்டிருக்கும்போது சொன்னால்தான் வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, கோபத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதிராளிக்குப் போன் போட்டுச் சத்தம் போடும் முன், அந்தப் பக்கங்களை முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துச் சேமியுங்கள்; முடிந்தால் அவரிடமிருந்து ஒரு பொருளை வாங்கிப் பில்லையும் பெட்டியையும் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது அது எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் சான்றிதழைக் கேட்கிறது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்கோவையான ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆகவே மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், எடுத்த கருவியிலேயே அப்படியே வைத்திருங்கள். போன் போன மறுநிமிடம் எதிராளியின் தளத்தில் உங்கள் படங்கள் இருக்காது.